வாப்பாவின் பேரில் போன பாடங்கள்

காத்தான்குடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் றுஸ்திக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கச்சியும் அவளுடைய சின்னவளும் அல்லாஹ்வின் கிருபையால் சாப்பிட்டுக் குடித்து எழும்பி நடமாடுகிறோம். நீயும் அந்தப் பாலைவன வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இந்தக் கிழமை உன்மேல் எனக்குள்ள கோபத்துக்கு ஒரு வக்தாவது கேட்காமல் விட்டிருக்க வேண்டும், கை தானாக ஏந்திக்கொள்கிறது, என்ன செய்ய. என் முழங்கால் நோவு அப்படியேதான், சீனி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வாவி நிரம்பி ஆற்றங்கரைப் பக்கத்து வளவுகளில் தண்ணீர் ஏறி நிற்கிறது, நம் வீட்டுக்கு வரவில்லை. சபூரா சாச்சியின் மருமகன் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில்தான் இதையும் ஒரு போத்தல் மாசிச் சம்பலையும் கொடுத்து விடுகிறேன். இந்தக் காலத்தில் கடதாசியிலா எழுதுவார்கள் என்று நீ சிரிப்பாய், சிரி. போனில் எழுதினால் அது உன்னிடம் வருவதற்கு முன்னம் ஏறாவூருக்குப் போய், அங்கிருந்து ஓட்டமாவடிக்குப் போய், கடைசியில் எனக்கே திரும்பி வரும். குரல் பதிவு போடவும் பயமாக இருக்கிறது, என் குரல் இந்த மாவட்டத்தில் ஏற்கனவே போதிய அளவு சுற்றிவிட்டது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். கடதாசி என்றால் ஒன்றுதான் இருக்கும், அது உன் கையில் இருக்கும். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி நிஸ்மியா கணித வகுப்பை மூடிவிட்டாள். ஓ.எல். பரீட்சை கிட்ட வந்துகொண்டிருக்கிற நேரத்தில், தூக்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தில், மூடிவிட்டாள். மூட வைத்தவன் நீ. திரும்பத் திறக்க வைக்கக் கூடியவனும் நீ ஒருவன்தான், உன் உம்மாவால் ஏலாது, ஊர்ப் பெரியவர்களால் ஏலாது, பொலிசாலும் ஏலாது. ஏன் ஏலாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு கடதாசி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லத் தொடங்கினேன், நீ என்ன செய்தாய்? உம்மா, மனசில உள்ள நிய்யத்துத்தான் முக்கியம், எனக்கு டியூட்டிக்கு நேரமாகுது, பிறகு எடுக்கிறன் என்றாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் வெட்டிவிட்டு ஓட முடியாது.

அந்த வகுப்பு எப்படி உண்டானது என்பது உனக்குத் தெரியும், ஆனால் தெரிந்தவன் செய்கிற வேலையை நீ செய்யவில்லை, அதனால் திரும்பவும் சொல்கிறேன். புருஷன் விட்டுப் போன பிறகு அவள் கைப்பிள்ளையோடு இந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வீடு அவளுடைய சீதன வீடு, தலைக்கு மேலே கூரை இருந்தது, அதற்கு வாப்பாவுக்கு அல்லாஹ் நன்மை எழுதட்டும். ஆனால் கூரையைச் சாப்பிட முடியாதே. பின்னறையில் உடுப்புக் காயப்போடுகிற ஸ்டாண்டில் போனைக் கட்டி வைத்து, சின்னவளை என்னிடம் தந்துவிட்டு, ஒரு வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்லத் தொடங்கினாள். முதலில் நம் தெருப் பிள்ளைகள், பிறகு ஏறாவூர், பிறகு நான் பேர் மட்டும் கேட்டிருக்கிற கரடியனாறு, மாங்கேணிப் பக்கத்துப் பிள்ளைகளும் போனில் பார்த்துப் படித்தார்கள். நேரத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வகுப்பைப் பதிந்து வைத்து, மாதக் காசு கட்டினால் பார்க்கலாம் என்று வைத்தாள். அந்தப் பாடங்களைச் சேர்த்து வைக்கிற இடத்தை டோஹாவில் இருந்தபடியே நீதான் செய்து கொடுத்தாய். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் ஞாபகம் இருக்கிறதா, தங்கச்சிக்கு ஒரு காக்கா இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று சபூராவிடம் பெருமை அடித்தேன். அந்த இடத்தின் திறப்பு, அதுதான் அந்த பாஸ்வேர்ட், இரண்டு பேரிடம்தான் இருந்தது, ஒன்று அவளிடம், மற்றது உன்னிடம். கள்ளனைக் காவல் வைத்த கதை என்று எழுதக் கை வருகிறது, பெற்ற பிள்ளையை அப்படி எழுத மனம் வரவில்லை, அதனால் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

அவளுக்குக் கைக்கு உதவியாக அஸீமா இருந்தாள். நம் பின்தெரு, மரம் விற்கிற மரக்காலை ஆதம்பாவாவின் மகள், நிஸ்மியாவிடமே படித்து நல்ல பெறுபேறு எடுத்தவள். பாடம் எடுத்து முடிந்ததும் அதில் இருக்கிற இருமல், தும்மல், சின்னவளின் அழுகை, பிழையாக எழுதி அழித்தது எல்லாவற்றையும் வெட்டி எறிந்து துப்பரவாக்கிக் கொடுப்பது அவள் வேலை. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் போகும், பார்க்கிற பிள்ளையின் பேர் திரையில் ஓடிக்கொண்டிருக்கும், களவாகக் கொப்பி எடுத்தால் எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடும். போன நோன்புப் பெருநாள் கழித்து வகுப்பில் ஆள் குறையத் தொடங்கியது. என்னவென்று பார்த்தால் பாடங்களெல்லாம் போனுக்குப் போன் சும்மா போகிறதாம். இவள் கைக்குக் கிடைத்தவை எவனோ துண்டு துண்டாக வெட்டித் தன் பேரை ஒட்டி விட்ட கொப்பிகள். ஒன்றிலும் பிள்ளைகளின் பேர் ஓடவில்லை. பேர் போடுவதற்கு முன்னம் பாடத்தைக் கையால் தொடுகிறவள் அஸீமா ஒருத்திதானே. நிஸ்மியா பாஸ்வேர்டை மாற்றினாள், மாற்றி என்ன, நீ ஏற்கனவே அள்ளிக்கொண்டு போயிருந்தாய். அவளுக்கு உன்மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. கூடப் பிறந்தவன்மேல் யாருக்குத்தான் வரும். அஸீமாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பிள்ளை, அல்லாஹ்மேல ஆணையா நான் செய்யல்ல டீச்சர் என்று அழுதது, நான் குசினிக்குள் நின்று கேட்டேன். அடுத்த நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நம் ஊர் உனக்குத் தெரியும், ஒரு குமர்ப்பிள்ளையை வேலைக்கு வர வேண்டாம் என்றால் ஏன் எதற்கு என்று ஆயிரம் வாய் பேசும். டீச்சர்ர சாமானைக் களவாக வித்தவளாம் என்று கதை ஆதம்பாவாவின் காதுக்கே போனது. அந்த மனிசன் பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்று தொழுகிறவர், இப்போது கடைசி வரிசையில் நிற்கிறாராம்.

இப்போது என் குரல் கதைக்கு வருகிறேன். போன கிழமை ஏறாவூரில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் இருந்த ஒரு மனிசி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க றவூப் ஹாஜியார்ர பெண்சாதிதானேகா, உங்கட மனிசர்ர பேரில எவ்வளவு பெரிய நன்மை நடக்குது, எங்கட மகன் அதைப் பாத்துத்தான் கணக்குப் படிக்கான், அவர்ர கப்ர அல்லாஹ் வெளிச்சமாக்குவான் என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது. உன் வாப்பாவைப் பற்றி நல்லதாக யாரும் சொன்னால் நான் ஏன் எதற்கு என்று கேட்கிறவள் இல்லை. பக்கத்தில் இருந்த குமர் ஒன்று என்னையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, உங்கட குரல் எங்களுக்கு நல்லாத் தெரியும், நீங்கதானே அந்த றால் உம்மா என்று கேட்டுச் சிரித்தது. மேசை முழுக்கச் சிரித்தது. அந்தக் குமர்தான் போனை எடுத்துக் காட்டியது. முதலில் உன் வாப்பாவின் பேர், மர்ஹூம் றவூப் ஹாஜியாருக்காக ஸதக்கா ஜாரியா, இலவசம், எல்லாரும் பகிர்ந்து நன்மை தேடிக்கொள்ளுங்கள் என்று பச்சை எழுத்தில். அதற்குப் பிறகு நிஸ்மியா பலகைக்கு முன்னால் நின்று உருளையின் கனவளவு படிப்பிக்கிறாள், அதற்கு நடுவில் வெளியே இருந்து நான் கத்துகிறேன். இது இண்டைக்குப் புடிச்ச றாலா நேத்துப் புடிச்ச றாலா, தலை கழண்டு விழுது, எனக்கா காட்ட வந்தாய், ஆத்தோட பொறந்து வளந்தவள்ட்ட என்று றால்காரனோடு நான் போட்ட சண்டை அச்சுப் பிசகாமல் இருக்கிறது. நான் அவனைப் பேசின இன்னும் இரண்டு வார்த்தை இருக்கிறது, அதை இங்கே எழுத மாட்டேன். வாகரையில் இருந்து கல்முனை வரைக்கும் எத்தனை வீட்டில் ஒலித்ததோ. ஆறு பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள், மகன்.

நான் என்ன முட்டாள் என்று கேள். வீட்டுக்கு வந்ததும் நிஸ்மியாவைக் கட்டிப் பிடித்தேன். வாப்பாவுக்காக இப்படி ஒரு காரியத்தைச் சொல்லாமல் செய்திருக்கிறாயே, றால் சத்தத்தை மட்டும் வெட்டியிருக்கலாமே என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் இது அவள் செய்ததில்லை என்று எனக்கு விளங்கியது. போனை வாங்கிப் பார்த்தாள். றால் சத்தம் இருக்கிறது, சின்னவளின் அழுகை இருக்கிறது, இருமல் இருக்கிறது, ஒன்றும் வெட்டப்படவில்லை. அஸீமாவின் கை படாத பாடம், அதுவும் வாப்பாவின் பேரில். அதை எடுக்கக்கூடிய இடத்தின் திறப்பு யார் யாரிடம் இருந்தது என்று நான் மேலே எழுதியிருக்கிறேன். அவள் பலகையைத் துடைத்து, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அடுத்த நாள் காலையில் அஸீமாவின் வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். ஆதம்பாவா வெளியே வரவில்லை. அஸீமா வந்து, மாப்புத் தந்துட்டன் டீச்சர், மனசில ஒண்டுமில்ல, ஆனா திரும்ப வரச் சொல்லாதீங்க, நீங்க என்னை நம்பல்ல, அதை நான் எங்க கொண்டுபோய் வெட்டி எறியிற என்றாள். அவள் இப்போது ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோ வெட்டுகிறாள். உன் தங்கச்சி திரும்பி வரும்போது தெருவில் அழுதுகொண்டு வந்தாள். தெருவில் அழுகிறவள் இல்லை அவள், புருஷன் போன அன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதாள்.

உனக்குப் போன் எடுத்தபோது நீ மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஓம் உம்மா, நான்தான் என்று சந்தோஷமாகச் சொன்னாய். ஸதக்கா ஜாரியா என்றால் மனிசன் மௌத்தான பிறகும் நன்மை நிற்காமல் போய்ச் சேருகிற தர்மம் அது, இல்மை, கற்ற அறிவை, மறைப்பது பாவம், படிப்பை விற்கக் கூடாது என்று அங்கே ஒரு பயானில் கேட்டாயாம். மாஷா அல்லாஹ். நீ கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை படித்துத்தானே செய்கிறாய், அந்தப் படிப்பை விற்றுத்தானே சம்பளம் எடுக்கிறாய், அந்தச் சம்பளத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பிறகு என் மகளுக்குப் பயான் பண்ணு. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். ஆரையம்பதியில் இருந்து நமக்குத் தயிர் கொண்டு வருகிற சீதேவி அக்காவிடம் மனம் தாங்காமல் சொன்னேன். அவ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடிச்ச கதைதான் புள்ள இது என்றா. அவவுடைய பிள்ளையார், நம்முடைய ஸதக்கா, ஆனால் தேங்காய் யாருடையது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். நம் ஊரில் மௌத்தானவர் பேரில் பள்ளிக்குக் காற்றாடி கொடுக்கிறார்கள், மணிக்கூடு கொடுக்கிறார்கள், தண்ணீர்த் தாங்கி கட்டுகிறார்கள், அதில் பேரை எழுதுகிறார்கள். யாராவது அடுத்த வீட்டுக் காற்றாடியைக் கழற்றிக்கொண்டு வந்து தன் வாப்பாவின் பேரை எழுதி மாட்டியதாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? நீ அதைத்தான் செய்திருக்கிறாய். அதுவும் கூடப் பிறந்தவள் வீட்டுக் காற்றாடி.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. வாப்பா மௌத்தான அன்று உனக்கு விமானம் கிடைக்கவில்லை. அஸருக்கு முன்னம் அடக்கிவிட்டார்கள், மையித்தை வைத்துக்கொண்டிருக்க முடியாது. நீ போனில் கப்ரைக் காட்டச் சொல்லி அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள், உன் கைக்கு மட்டும் மண் கிடைக்கவில்லை. அந்தக் கை ஏதாவது ஒன்றை வாப்பாவுக்காகப் போட வேண்டும் என்று தவித்துக்கொண்டு இருந்தது, கிட்டக் கிடந்ததை எடுத்துப் போட்டுவிட்டது. எனக்கு அது விளங்குகிறது. ஆனால் விளங்குகிறது என்பதற்காகச் சரி என்று சொல்ல மாட்டேன்.

வாப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீயே யோசி. நம் துணிக்கடையில் விற்ற, இடுப்பில் உடுக்கிற சாரத்துக்கு அவர் ஒரு லேபல் அடித்து ஒட்டினார், இந்த ஊர்ப் பெண்கள் கைத்தறியில் நெய்த சாரம் என்று. வெளியூர் வியாபாரி ஒருவன் அதே லேபலை அடித்து மில் சாரத்தில் ஒட்டி விற்றான். வாப்பா சோறு தண்ணி இல்லாமல் பஸ் ஏறிப் போய் அவன் கடை வாசலில் நின்றார். நீயும் கூடப் போனாய், வந்து என்னிடம் சொன்னாய். துணியைக் களவெடுத்திருந்தா பசிக்கு எடுத்தான் எண்டு விட்டிருப்பன், என்ட பேரைக் களவெடுத்திருக்கான் என்று அவர் சொன்னதாக நீதான் சொன்னாய், மகன். அந்த மனிசனின் பேரைத்தான் நீ இப்போது எடுத்து, அவருடைய மகளின் சாமானில் ஒட்டி, ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். நம் ஊரில் படக் கொப்பி, பாட்டுக் கொப்பி எல்லாம் சின்ன வயதில் இருந்தே கடைத்தெருவில் குவிந்து கிடந்து பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள், கொப்பி எடுப்பது களவு என்று உங்கள் காலத்து ஆட்களுக்கு மண்டையில் ஏறுவதில்லை. எவனோ ஒரு முகம் தெரியாதவனின் சாமான் என்றால் மனம் குத்தாது. இது முகம் தெரிந்தவளின் சாமான். உனக்கு நூல் கோர்த்துச் சட்டைப் பொத்தான் தைத்துத் தந்தவளின் சாமான்.

நீ அதைச் சும்மா கொடுத்தாய், வாங்கினவர்கள் எல்லாரும் சும்மாவா வைத்துக்கொண்டார்கள்? எங்கோ ஒருவன் வாப்பாவின் பேரையும் வெட்டிவிட்டு, தன் பேரை ஒட்டி, விளம்பரம் போட்டுக் காசு உழைக்கிறான். அவன் இன்னும் ஒரு படி மேலே போய், நிஸ்மியா பிள்ளைகள் பார்த்துச் சேரட்டும் என்று வெளியில் போட்டிருந்த அவளுடைய ஒரேயொரு இலவசப் பாடத்தை, இது தன்னுடையது, இவள் களவெடுத்துவிட்டாள் என்று முறைப்பாடு கொடுத்து எடுப்பித்துவிட்டான். உன் தங்கச்சி கள்ளியாம். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள், இந்த வீடியோச் சாமான் சொல்லை விட மோசம், அள்ள அள்ள இரண்டாகிறது.

அப்படியானால் அவளும் முறைப்பாடு கொடுப்பதுதானே என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். கொடுக்கத்தான் உட்கார்ந்தாள். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பேர், தன் பாடங்களின் பேர் எல்லாம் எழுதினாள். உன் சாமானை எடுத்தவர் யார் என்று அதில் ஒரு இடம் கேட்கிறது. நீ வைத்திருக்கிற பேர் எது? வாப்பாவின் பேர். அந்த இடத்தில் மர்ஹூம் றவூப் என்று எழுத வேண்டும், இவர் என் பொருளைக் களவெடுத்துவிட்டார் என்று கீழே உறுதி சொல்ல வேண்டும். விரலைப் போனுக்கு மேலே வைத்துக்கொண்டு இருந்தாள், பிறகு போனை மூடி என் மடியில் போட்டாள். எங்கட வாப்பாவைக் கள்ளன் எண்டு என்ட கையால எழுதவா உம்மா என்று கேட்டாள். அதனால்தான் சொல்கிறேன், யாராலும் ஏலாது, அந்தப் பேருக்குப் பின்னால் நிற்கிற உன்னால்தான் ஏலும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. வாப்பா மௌத்தான மாதத்தில் இருந்து அவள் காசில்லாத பிள்ளைகள் சிலரைச் சும்மா சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாங்கேணியில் தகப்பன் கடலில் போன பிள்ளை ஒன்று, கரடியனாற்றில் அக்காவும் தம்பியுமாக இரண்டு, இன்னும் யாரோ. வாப்பாவுக்கு என்று நிய்யத்து வைத்து, ஒருவருக்கும் சொல்லாமல், பச்சை எழுத்தில் போடாமல். காசு கட்டுகிற பிள்ளைகள் இருந்ததால்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக் கொடுக்க முடிந்தது, நேரில் கேள்வி கேட்கவும் பிழை திருத்தவும் முடிந்தது. இப்போது அவர்களும் இல்லை, இவர்களும் இல்லை. நீ வாப்பாவுக்கு அனுப்பியது போய்ச் சேர்ந்ததோ தெரியாது மகன், அவள் அனுப்பிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

இனி நீ செய்ய வேண்டியது. நீ பாடங்களைப் போட்டு வைத்திருக்கிற அந்த இடத்தை முழுதாக மூடு, வாப்பாவின் பேரை எடு. மற்றவர்கள் எடுத்த கொப்பி எங்கெல்லாம் இருக்கிறதோ அதற்கு நீ கம்ப்யூட்டர் படித்தவன், வழி தேடு, தங்கச்சி பக்கம் நின்று நீயே முறைப்பாடு எழுது. ஆதம்பாவாவுக்குப் போன் எடுத்து, செய்தது நான், உங்கள் மகள் சுத்தமானவள் என்று உன் வாயால் சொல். அவரிடம் மட்டும் சொன்னால் போதாது, அவர் முன்வரிசைக்கு வரும்படியாகச் சொல். அதற்குப் பிறகு நிஸ்மியாவிடம் மாப்புக் கேள். தொழுகை தவறினால் அல்லாஹ்விடம் கேட்கலாம், ஒரு மனிசரின் ஹக்கை, அவருக்கு உரியதை, எடுத்தால் அந்த மனிசர்தான் மன்னிக்க வேண்டும், இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான், மதரஸாவுக்குப் போன காலத்தில். வாப்பாவுக்கு நன்மை அனுப்ப வேண்டுமா, உனக்கு வெள்ளிக்கிழமை லீவுதானே, உனக்குத் தெரிந்த கம்ப்யூட்டரை உன் வாயால், உன் தொண்டைத் தண்ணியை வற்ற வைத்து, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. அதைப் பதிந்து உலகம் முழுக்க அனுப்பு. வாப்பாவின் பேரை எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போடு, நானே நாலு பேருக்குச் சொல்கிறேன்.

இரவில் பரோட்டா சாப்பிடாதே, உன் வாப்பாவின் பக்கத்துக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சம்பலை ஒரே நாளில் அறைக்காரருக்கெல்லாம் பங்கு வைத்துவிடாதே, அதுவும் உன் பழக்கம்தான், ஆனால் அது நான் உனக்கு என்று தந்தது, அதனால் கொடுத்தாலும் பரவாயில்லை. இந்தக் கடதாசியில் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதியிருக்கிறேன், வாசித்த பிறகு ஒருமுறை நெற்றியில் வைத்துக்கொள். அல்லாஹ் உன் கையைக் கொடுக்கிற கையாக வைத்திருக்கட்டும், கொடுப்பது உன்னுடையதாகவும் இருக்கட்டும். மறந்துவிடாதே, இதைப் படம் எடுத்து ஒருவருக்கும் அனுப்பக் கூடாது, உன் பெண்சாதிக்கும்தான்.

உன்னைப் பெற்று, உன் புண்ணியத்தில் ஊரெல்லாம் றால் உம்மா என்று பேரெடுத்த,
ஸஹீதா உம்மா.

இன்னும் ஒன்று. கடிதத்தை மடிக்கப் போகும்போது நிஸ்மியா வந்து நின்றாள். யாருக்கு என்று கேட்கவில்லை. காக்காவுக்கு ஏதும் சொல்லணுமா என்று நான் கேட்டேன். நல்லாக ஏசப் போகிறாள் என்று பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த உருளைப் பாடத்தில, நீங்க றால்காரனோட சத்தம் போட்ட நேரம், நான் ஆரை போடுற இடத்தில விட்டத்தைப் போட்டுக் கணக்கைச் செஞ்சி முடிச்சிட்டன் உம்மா, அஸீமாதான் கண்டு வெட்டினவ, காக்கா போட்டிருக்கிறது வெட்டாதது, எத்தனை புள்ளையள் அதைப் பாத்து எழுதிப் பழகியிருக்குதோ, மத்ததெல்லாம் கிடக்கட்டும், பரீட்சைக்கு முன்னம் அந்த ஒண்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்க என்றாள். கேட்டாயா மகன், அவளுடைய வகுப்பு போய்விட்டது, அவளைக் கள்ளி என்கிறார்கள், அவள் கவலைப்படுவது களவாகப் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கணக்குப் பிழைத்துவிடுமே என்று. உங்கள் இரண்டு பேரையும் பெற்ற நான் எங்கே போய் முட்டுவது. மூடுவதை முதலில் அந்தப் பாடத்தில் இருந்து தொடங்கு.